கடல் அட்டை: கடலில் அறிவது, பதப்படுத்துவது, ஊறவைப்பது, சமைப்பது

உலர்ந்த கடல் அட்டையைக் கையில் எடுத்தால் கல்லைப் போல இறுகியிருக்கும். அதை மிருதுவாக்க மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். இந்த நாட்களில் பலருக்கு அது கரைந்து கூழாகிவிடுகிறது. சிலருக்கு நடுவில் ரப்பர் போன்ற கட்டி எஞ்சுகிறது, இன்னும் சிலருக்குச் சுண்ணாம்புத் துகள் பல்லில் நறநறக்கிறது. மூன்று குறைக்கும் மூலம் ஒன்றுதான்: அந்த உயிரின் உடற்சுவர். அது எப்படி இறுகுகிறது, எப்படி இளகுகிறது, எதைக் கண்டால் கரைகிறது என்று தெரிந்தவருக்குக் கடலில் அதைக் கையாள்வதும், கரையில் உலர்த்துவதும், அடுப்பில் சமைப்பதும் கைவந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி அந்த உயிரிலிருந்தே தொடங்குகிறது.

உடலும் அதன் வேலையும்

பெயரில் அட்டை இருந்தாலும், ரத்தம் உறிஞ்சும் நிலத்து அட்டைக்கும் இதற்கும் உறவில்லை. இது முட்தோலி இனம். நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் இதன் உறவினர். உலகில் சுமார் 1,700 வகைகள் உள்ளன. சில விரல் நுனி அளவுதான். பாம்பு போல நீளும் சினாப்டா மாகுலாட்டா 3 மீட்டர் வரை போகும். கரையோரப் பாறைக் குழியிலிருந்து ஆழ்கடலின் மிகத் தாழ்ந்த பள்ளங்கள் வரை இவை வாழ்கின்றன.

ஒரு முனையில் வாய். அதைச் சுற்றிப் பொதுவாக 10 முதல் 30 வரை உணர்கொம்புகள். பெரும்பாலான வகைகள் அவற்றால் மணலை அள்ளி விழுங்கி, அதிலுள்ள பாக்டீரியா, நுண்பாசி, மக்கிய துகள்களைச் செரித்துவிட்டு மணலை மறுமுனையில் வெளியேற்றும். குக்குமேரியா போன்ற சில, கிளை விட்ட கொம்புகளை விரித்து, நீரில் மிதந்து வரும் உணவைப் பிடிக்கும். மறுமுனைக்கு இன்னொரு வேலையும் உண்டு: மூச்சு. கழிவுத்துளை வழியே நீரை உள்ளிழுத்து, உடலுக்குள் மரம் போலக் கிளைத்த சுவாச உறுப்பில் நிரப்பி, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு வெளியே தள்ளும். அந்த வாசலையே வீடாக்கிக்கொண்டு பகலில் உள்ளே பதுங்கும் முத்துமீன் என்ற மெலிந்த மீன் வகையும் இருக்கிறது.

நமக்கு மிக முக்கியமானது உடற்சுவர். சாப்பிடும் பகுதி இதுதான். இதன் புரதத்தில் பெரும்பங்கு கொலாஜன். மற்ற விலங்குகளின் கொலாஜன் கயிறு போல நிலையாக இருக்கும்; முட்தோலிகளிலோ நரம்பின் கட்டளைப்படி நார்களுக்கு இடையிலான பிணைப்பு மாறும். ஆகவே ஒரே உயிர் சில நொடிகளில் கட்டையாக இறுகவும், சற்று நேரத்தில் வழிந்து பாறை இடுக்கில் நுழையவும் முடியும். தொட்டதும் இறுகுவது, அதிகம் துன்புற்றால் தோல் உருகி வழிவது இரண்டுக்கும் காரணம் இதுவே. அத்துடன், உடற்சுவரிலேயே அதைச் செரிக்கும் நொதிகளும் இருக்கின்றன. உயிரை நீரிலிருந்து எடுத்து வெயிலில் போட்டால் அந்த நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நல்ல சரக்கு சளியாக மாறுவது இப்படித்தான்.

அந்தச் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேசை, பொத்தான், நங்கூரம் போன்ற வடிவங்கள் தெரியும். வகையை உறுதிசெய்ய ஆய்வாளர்கள் நம்புவது இவற்றைத்தான். சமையலில் நறநறக்கும் துகளும் இதுவே.

தற்காப்புக்கு மூன்று வழிகள். போஹாட்சியா, சில ஹோலோதூரியா வகைகள் கழிவுத்துளை வழியே வெள்ளை நூல்களைப் பீய்ச்சும். அவை நீரில் நீண்டு பசையாக ஒட்டும். போஹாட்சியாவுக்கு நூலட்டை என்ற பெயர் வந்தது இதனால்தான். இரண்டாவது, குடலையே வெளியே தள்ளிவிடுவது. சில வாரங்களில் புதுக் குடல் வளர்ந்துவிடும். மூன்றாவது, சப்போனின் என்ற நஞ்சு. மீன்களுக்கு அது கொடியது. உயிருள்ள அட்டையைக் கையாண்ட கையோடு கண்ணைத் தேய்க்கக் கூடாது. நூல் பட்டாலும் சாறு பட்டாலும் கண் கடுமையாகப் பாதிக்கும். அட்டை இருந்த நீரை மீன்தொட்டியில் ஊற்றவும் கூடாது.

எடுத்தால் கடல் என்ன இழக்கும்

இந்தப் பகுதியைப் படிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பாறைத்திட்டில் ட்ரோன் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து சுமார் 30 லட்சம் கடல் அட்டைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவை ஆண்டுக்கு 64,000 டன்னுக்கும் மேல் மணலை உண்டு வெளியேற்றுகின்றன. மேல் மணல் இப்படி இடைவிடாமல் புரண்டுகொண்டே இருப்பதால் அடியில் காற்று புகுகிறது, அழுகல் குறைகிறது. அவை வெளிவிடும் அம்மோனியா, கடற்புல்லுக்கும் நுண்பாசிக்கும் உரம். குடலில் சுண்ணாம்பு மணல் கரைவதால் சுற்றியுள்ள நீரின் காரத்தன்மையும் சற்று உயர்கிறது. 2024-இல் பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியாவில் நடந்த பரிசோதனையில், அட்டைகளை அகற்றிய இடங்களில் பவளத் திட்டுகள் முழுதாக மடிவது ஏறத்தாழ 15 மடங்கு கூடியது. மணலில் பெருகும் நோய்க்கிருமிகளை அவை உண்டு கட்டுக்குள் வைத்திருந்தன என்பதே அதற்கான விளக்கம்.

இவ்வளவு வேலை செய்யும் உயிர், மீன்பிடிப்பில் மிக எளிதாக அழிந்துவிடும். ஓடாது, கடிக்காது, ஒளிந்தாலும் பிடிபடும். இனப்பெருக்கமும் அதற்குப் பாதகமாகவே அமைந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விடுகின்றன. வெப்பக்கடல் வகையான வெள்ளட்டையில் முதலில் ஆண்கள் உடலின் முன்பகுதியைத் தூக்கி ஆடியபடி விந்து விட, அந்த வாசனையில் பெண்கள் முட்டையிடும். அருகருகே போதிய எண்ணிக்கை இல்லாவிட்டால் நீர்த்துப்போய் கருத்தரிப்பே நடக்காது. ஆகவே கடைசி அட்டை வரை பிடிக்க வேண்டியதில்லை; எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனாலே அந்த இடம் மீளாது. மெக்சிகோவின் யுகடானில் சில ஆண்டுகளிலேயே வளம் சரிந்தது. ஆழம் குறைந்த இடங்களில் தீர்ந்ததும் ஆழத்துக்குப் போன முக்குளிப்பவர்கள், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும்போது வரும் அழுத்தமாற்ற நோயால் முடங்கினார்கள், இறந்தார்கள்.

எடுப்பதற்கும் வாங்குவதற்கும் முன் சட்டம்

இது முதல் படி. எந்த நாட்டுக் கடல், எந்த வகை, காட்டு வளமா வளர்ப்பா என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒன்றையும் எடுக்கவோ வாங்கவோ கூடாது.

இந்தியாவில் 2001 முதல் எல்லாக் கடல் அட்டைகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். 2020-இல் லட்சத்தீவில் கடல் அட்டைகளுக்கென்றே ஒரு காப்பிடம் அறிவிக்கப்பட்டது. வேறு பல நாடுகளில் உரிமம், பருவத் தடை, குறைந்தபட்ச அளவு என விதிகள் உண்டு.

பன்னாட்டு வணிகத்துக்கு, அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை. முலைமீன் வகை என்று சந்தையில் சொல்லப்படும் மூன்று இனங்கள், அதாவது ஹோலோதூரியா ஃபஸ்கோகில்வா, நோபிலிஸ், விட்மாய், 2019-இல் அதன் இரண்டாம் பட்டியலுக்கு ஏற்கப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்தன. தெலனோட்டா இனங்கள் 2022-இல் ஏற்கப்பட்டு 2024 மே முதல் அதே பட்டியலில் உள்ளன. இவற்றை எல்லை கடந்து கொண்டுபோக அனுமதிச் சான்று வேண்டும். பரிசுப் பொட்டலம் என்பதற்கும் விலக்கு இல்லை.

வளர்ப்புச் சரக்கே நல்ல தேர்வு. சீனாவில் அபோஸ்டிகோபஸ் ஜபோனிகஸ் என்ற குளிர்க்கடல் வகை ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் வளர்க்கப்படுகிறது. வெப்பக் கடல்களில் வளர்க்க ஏற்றது வெள்ளட்டை. அதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் முதன்முதலாக உருவாக்கியது 1988-இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். இன்று மடகாஸ்கர் கரைக் கிராமங்களிலும் வியட்நாமிலும் நடக்கும் வளர்ப்பு அந்த நுட்பத்தின் தொடர்ச்சிதான்.

வகை அறிதல்

உணவு வணிகத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் புழங்குகின்றன. சமையலுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை நான்கு குழுக்கள்.

அபோஸ்டிகோபஸ் ஜபோனிகஸ்: சீனா, ஜப்பான், கொரியா, ரஷ்யக் குளிர்க்கடல்களின் வகை. முதுகில் வரிசையாகக் கூம்பு முட்கள். சுவர் மெலிது, சுண்ணாம்பு குறைவு, ஊறுவது எளிது. நீர் சூடேறும் கோடையில் உணவை நிறுத்தி, குடலையும் சுருக்கிக்கொண்டு உறங்கிவிடும். உறக்கம் கலைந்த உடனே பிடித்தது மெலிந்திருக்கும்; குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பிடித்தது தடிப்பாக இருக்கும்.

வெள்ளட்டை, அதாவது ஹோலோதூரியா ஸ்காப்ரா: கடற்புல் வளரும் ஆழமற்ற மணல், சேற்றுத் தரையில் வாழும். முதுகு சாம்பல், குறுக்குக் கோடுகள், வயிறு வெண்மை. மேல்தோலில் சுண்ணாம்பு மிக அதிகம். அதை நீக்காமல் சாப்பிட முடியாது.

முலைமீன் வகைகள்: பக்கவாட்டில் முலைக்காம்பு போன்ற புடைப்புகள், ஒரு விரல் அளவுக்குத் தடித்த சுவர். ஊறவைக்க அதிக நாட்கள் பிடிக்கும்.

தெலனோட்டா அனனாஸ்: உடல் முழுவதும் நட்சத்திரம் போல விரிந்த தசை மடல்கள், அன்னாசித் தோற்றம். பெரியது, சதை மிருது, சூடு தாங்காமல் வேகமாக உருகும்.

கரும் குச்சி போன்ற ஹோலோதூரியா ஆட்ரா எங்கும் கிடைக்கும். ஆனால் சுவர் மெலிது, நஞ்சு அதிகம், விலை குறைவு. நல்ல வகை என்று சொல்லிக் கலந்து விற்கப்படுவதும் உண்டு.

பதப்படுத்துதல்: உரிமம் உள்ளவர்களுக்கும் வளர்ப்பாளர்களுக்கும்

100 கிலோ உயிருள்ள வெள்ளட்டையிலிருந்து கிடைக்கும் உலர்ந்த சரக்கு ஏறத்தாழ 5 கிலோதான். நீளமும் பாதியாகச் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு அட்டையிலும் ஏற்படும் சேதம் பெரிது. வேலையை அன்றே தொடங்க வேண்டும். மறுநாள் என்று ஒத்திப்போட்டால் தோல் இளகிவிடும்.

1. கொண்டுவருதல். சுத்தமான கடல்நீரில், நிழலில், ஒன்றின்மேல் ஒன்று குவிக்காமல் வையுங்கள். நீரை மணிக்கு ஒரு முறை மாற்றினால் குடலிலுள்ள மணலும் ஓரளவு வெளியேறும். நன்னீரில் ஒருபோதும் போடக் கூடாது. உப்பு வேறுபாட்டால் செல்கள் வெடித்துத் தோல் உரியும். மண்ணெண்ணெய், டீசல் பட்ட பாத்திரங்கள் தொடவே கூடாதவை.

2. வெட்டுதல். வெள்ளட்டைக்கு ஒரு முனையில் 2 முதல் 3 செ.மீ. கீறல் போதும், குடலை மெல்லப் பிழிந்தெடுக்கலாம். முலைமீன் வகைக்கு முதுகில் நேர்கோடாக நீளக் கீறல், இரு முனைகளிலும் சில செ.மீ. விட்டு. தெலனோட்டாவுக்கு வயிற்றுப் பக்கம். கோடு வளைந்தால் உலர்ந்தபின் சரக்கு முறுக்கிக்கொள்ளும், தரம் இறங்கும். கூர்மையான சிறு கத்தி அவசியம். மொக்கைக் கத்தி ஓரத்தைக் கிழிக்கும்.

3. முதல் வேக்காடு. கொதிக்கும் நீரில் போடாதீர்கள். கடல்நீரை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, அட்டைகளைப் போட்டு, மெதுவாகச் சூட்டை ஏற்ற வேண்டும். கொதிநீரில் விழுந்தால் வெளிப்புறம் உடனே சுருங்கி, உள்ளே அடைபட்ட நீர் வெடித்துக்கொண்டு வெளியேறும், கீறல் கிழிந்துவிடும். மரத்துடுப்பால் இடைவிடாமல் மெல்லக் கிளற வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தினாலும் அடியில் ஒட்டித் தோல் கருகும். பந்து போல உப்பி வருவதை ஊசியால் குத்தி நீரை வெளியேற்றுங்கள். அளவைப் பொறுத்து 10 முதல் 20 நிமிடம். தரையில் போட்டால் ரப்பர் போலத் துள்ளினால் போதும்.

4. சுண்ணாம்பு நீக்குதல். வெள்ளட்டைக்கு மட்டும். வெந்ததை ஈர மணலில் ஓர் இரவு புதைத்தால் மேல்தோல் பாக்டீரியாவால் இளகும். இல்லையெனில் நசுக்கிய பப்பாளி இலையுடன் சேர்த்து வைக்கலாம்; அதிலுள்ள நொதி அதே வேலையைச் சில மணி நேரத்தில் செய்யும். பிறகு தூரிகையால் தேய்த்து கடல்நீரில் கழுவ வேண்டும். இங்கே கவனம் வேண்டும்: நேரம் கூடினால் நொதி மேல்தோலோடு நிற்காது, சதையையும் அரிக்கும். அரை மணிக்கு ஒரு முறை ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். வெண் பொடி எளிதாக வந்தால் நிறுத்திவிடுங்கள்.

5. உப்பிடுதல். தடித்த வகைகளுக்கு ஒரு படுகை கல்லுப்பு, ஒரு படுகை அட்டை என அடுக்கி 2 முதல் 3 நாள். கீறலுக்குள்ளும் உப்பு நிரப்ப வேண்டும். ஊறும் நீரை வடித்துக்கொண்டே இருங்கள்.

6. இரண்டாம் வேக்காடு. உப்பைக் கழுவி, இம்முறை நன்றாகக் கொதிக்கும் நீரில் 20 முதல் 30 நிமிடம். நொதிகள் முழுவதும் அடங்குவது இந்தக் கட்டத்தில்தான். அவசரத்தில் குறைத்தால் உலர்ந்த பின்னும் உள்ளே அழுகல் மணம் இருக்கும்.

7. உலர்த்துதல். தரையிலிருந்து உயர்த்திய வலைப் பந்தலில், முதல் நாள் இளவெயிலில் அல்லது நிழற்காற்றில். உச்சி வெயிலில் நேராகப் போட்டால் வெளிப்புறம் ஓடு போல இறுகி, உள்ளீரம் சிறைப்பட்டுப்போகும்; மாதம் கழித்து பூஞ்சை வருவது அங்கிருந்துதான். நீளக் கீறல் போட்டவற்றில் சிறு குச்சியைக் குறுக்கே வைத்துத் திறந்து வைத்தால் உள்ளேயும் காற்று போகும். தினம் இரண்டு முறை திருப்புங்கள், மாலையில் உள்ளே எடுங்கள். மழைநாளில் மிதமான சூட்டில் புகையடுப்பு உதவும். புகை மணம் பிடிக்காத வாங்குபவர் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். வகையைப் பொறுத்து 4 நாள் முதல் 2 வாரம். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் இருந்து, ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டை போல ஒலித்தால் தயார்.

8. வைப்பு. காற்றுப் போகும் சாக்கில், தரையைத் தொடாமல். மாதம் ஒரு முறை கொட்டிப் பார்த்து, ஈரம் தட்டியவற்றை மறுபடி உலர்த்துங்கள்.

உலர்ந்ததைத் தேர்ந்தெடுத்தல்

எடைதான் பணம் என்பதால் ஏமாற்று எல்லாம் எடையைக் கூட்டுவதாகவே இருக்கும். மேலே வெண்படலம் பூத்திருந்தால் உப்பு அதிகம். நக்கிப் பார்த்து இனித்தால் சர்க்கரைப் பாகில் ஊறியது. கையில் கறை ஒட்டும் பளபளப்பான கருமை என்றால் சாயமோ கரியோ ஏற்றியது. நல்ல சரக்கின் நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, மங்கல். ஒன்றை உடைத்தோ வெட்டியோ பார்க்க அனுமதி கேளுங்கள். குறுக்கு வெட்டில் சுவர் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். நடுவில் உப்புக்கட்டி, மணல், சுண்ணாம்புத்தூள் இருக்கக் கூடாது. கெட்டியான ஒன்றை மேசையில் போட்டால் ணங்கென்று ஒலித்துத் துள்ளும். ஈரமானது மொத்தென்று விழும்.

கடைசிச் சோதனை ஊறவைப்பதுதான். உப்புக் குறைந்த நல்ல ஜபோனிகஸ் ஊறியபின் இரு மடங்குக்கு மேல் நீளும், எடை பல மடங்காகும். உப்பேற்றியது ஊற ஊற மெலிந்துகொண்டே போகும்.

ஊறவைத்தல்

எல்லாத் தோல்விகளும் இங்கேதான் வெளிப்படும். முதலில் ஒரு விதி: எண்ணெய் கூடாது. பாத்திரம், கை, கத்தி, மூடி எதிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பிசுக்குப் பட்ட இடம் இளகி, அங்கிருந்து அட்டை கரைய ஆரம்பிக்கும் என்பது சமையற்காரர்கள் தலைமுறைகளாகக் கண்டது. ஊறவைக்கவென்றே ஒரு பாத்திரம் ஒதுக்கிவிடுவது நல்லது. எஃகு, கண்ணாடி, மண் எதுவும் சரி, இரும்பு வேண்டாம். நீர் சுத்திகரித்ததாக இருக்கட்டும். கடினநீரில் சுவர் போதிய அளவு உப்பாது.

ஜபோனிகஸ் வகைக்கு:

முதல் நாள். மேல் தூசியைக் கழுவி, அட்டையின் எடையைப் போல 10 மடங்குக்குக் குறையாத குளிர்நீரில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 24 முதல் 48 மணி நேரம். நாளுக்கு இரண்டு மூன்று முறை நீர் மாற்றுங்கள். அறைவெப்பத்தில் விட்டால் வெளிப்புறம் இளகுவதற்குள் நொதித்து மணக்கும்.

வெட்டுதல். விரலால் அழுத்தினால் வளையும் நிலைக்கு வந்ததும் வயிற்றுக் கீறலைக் கத்தரியால் நீளமாகத் திறவுங்கள். வாய்முனையில் வட்டமாக ஒரு சுண்ணாம்பு வளையம் இருக்கும். பல்லுக்குத் தட்டுப்படுவது அதுதான், வெட்டி எறியுங்கள். உள்ளே எஞ்சிய குடல், மணலை விரலால் வழித்தெடுங்கள். உட்புறம் ஐந்து வெள்ளைத் தசைநார்கள் நீளவாக்கில் ஓடும். அவற்றை 2 செ.மீ. இடைவெளியில் குறுக்கே வெட்டி விடுங்கள், பிய்த்தெடுக்க வேண்டாம். நார் முழுசாக இருந்தால் இழுத்துப் பிடித்து அட்டையை நீள விடாது.

வேகவைத்தல். புதுக் குளிர்நீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி 30 முதல் 60 நிமிடம். தீயை அணைத்து, மூடியபடியே ஆறவிடுங்கள். 30 நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: மழுங்கிய குச்சி தோலை அழுத்தாமல் உள்ளே இறங்கினால் அது போதும், எடுத்துவிடுங்கள். மற்றவை தொடரட்டும். ஒரே பையிலிருந்து வந்தவையும் ஒரே நேரத்தில் வேகாது. எல்லாவற்றையும் ஒன்றாக எடுப்பதால்தான் பாதி கல்லாகவும் பாதி கூழாகவும் ஆகின்றன.

மறுபடி குளிர்நீர். பனிக்கட்டி போட்ட நீரில், பெட்டியில் 24 முதல் 48 மணி நேரம், நாளுக்கு இரு முறை நீர் மாற்றி. உப்பி வளரும் வேலை பெரும்பாலும் இப்போதுதான் நடக்கும். வெந்தபோது தளர்ந்த கொலாஜன், குளிரில் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வேகவைத்ததும் சிறியதாக இருக்கிறதே என்று மறுபடி வேகவைப்பவர்கள் இந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

வெள்ளட்டை, முலைமீன் போன்ற தடித்த வகைகளுக்கு 5 முதல் 7 நாள். தோல் மிகவும் கடினமாக இருந்தால், ஊறவைக்கும் முன்னரே நேரடித் தீயில் மேல்தோல் கருகும்வரை வாட்டி, கத்தியால் சுரண்டி, பிறகு 2 நாள் குளிர்நீர். அடுத்து வேகவைத்தல், மூடி ஆறவிடுதல், ஓர் இரவு குளிர்நீர் என்ற சுற்றை மூன்று நான்கு முறை திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தூரிகையால் தேய்த்து வெண்படலத்தை நீக்குங்கள். விரல்களுக்கிடையே மாவு போலச் சுண்ணாம்பு ஒட்டாமல் வழுக்கும்வரை தேய்க்க வேண்டும்.

குறைகளும் காரணங்களும்: மேற்பரப்பு வழவழத்துக் கரைந்தால் எண்ணெய்ப் பிசுக்கோ வெப்பமோ காரணம். அதைக் காப்பாற்ற முடியாது. மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். நடுவில் கட்டி இருந்தால் அங்கே குறுக்காகக் கீறி மீண்டும் 15 நிமிடம் வேகவைத்து குளிர்நீரில் போடுங்கள். சுருங்கி ரப்பரானால் தீ அதிகம், அல்லது குளிர்ந்த ஊறல் குறைவு. அம்மோனியா நெடி அடித்தால் கெட்டுவிட்டது, தூக்கி எறியுங்கள்.

ஊறியது பெட்டியில், தினம் நீர் மாற்றி, 3 நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீரை வடித்து, ஒவ்வொன்றாகச் சுற்றி உறையவையுங்கள். பயன்படுத்தும் முன் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி மெல்ல உருகவிட வேண்டும். சுடுநீரில் உருக்கினால் பாதி நீர் வெளியேறி, செய்த வேலை வீணாகும்.

சமைத்தல்

கடல் அட்டைக்குத் தன் சுவை மிகக் குறைவு. அது தருவது வழுக்கும் மிருதும் மெல்லிய கடிப்பும். சுவையைச் சாறு தர வேண்டும். சீனாவின் ஷான்டாங் பகுதியில் வெங்காயத்தாளுடன் செய்யும் முறை இதற்கு நல்ல பாடம்.

தேவை: ஊறிய அட்டை 300 கிராம், கோழி அல்லது காளான் சாறு 450 மி.லி., தடித்த வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு 100 கிராம், எண்ணெய் 4 மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, இஞ்சி 4 வில்லை, சோள மாவு 2 தேக்கரண்டி.

இஞ்சி போட்ட கொதிநீரில் அட்டையை 2 நிமிடம் முக்கி எடுங்கள். கடல் வாடை போகும். 300 மி.லி. சாற்றில் சிறுதீயில் 10 நிமிடம் வைத்துச் சுவை ஏற்றுங்கள். இந்தப் படியை விட்டால் குழம்பு ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று நிற்கும். தண்டை 5 செ.மீ. துண்டுகளாக்கி எண்ணெயில் சிறுதீயில் 6 முதல் 8 நிமிடம் பொன்னிறமாக்கி எடுத்து வையுங்கள். எண்ணெயில் பாதியையும் தனியே ஊற்றி வையுங்கள். மீதி எண்ணெயில் சர்க்கரையைப் பொன்னிறமாக உருக்கி, சோயா, மீதி 150 மி.லி. சாறு சேருங்கள். கொதித்ததும் வடித்த அட்டையை இட்டு 5 நிமிடம். சூடான வெறும் எண்ணெயில் ஈர அட்டையைப் போடக் கூடாது, கைமீது வெடித்துத் தெறிக்கும். 2 மேசைக்கரண்டி நீரில் கரைத்த மாவை இரண்டு தவணையாக ஊற்றிக் கெட்டிப்படுத்தி, தண்டைச் சேர்த்து, எடுத்து வைத்த எண்ணெயை மேலே ஊற்றி இறக்குங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். ஊறிய அட்டையில் புளிப்பு சேர்ந்தால் சுவர் சுருங்கி இறுகும். புளியோ வினிகரோ வேண்டுமென்றால் பரிமாறும் நேரத்தில் சில துளி மட்டும்.

ஜப்பானில் இதற்கு நேர்மாறாக, அந்த இறுக்கத்தையே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். உயிருள்ள ஜபோனிகஸின் இரு முனைகளையும் வெட்டி, குடலெடுத்து, உப்பில் தேய்த்துச் சளி போகக் கழுவி, மெல்லிய வில்லைகளாக்கி வினிகரில் போடுவார்கள். கடிக்க மிகக் கடினமாக இருந்தால், வில்லைகளை வடிகட்டியில் வைத்து, கொதிக்காத சூடான தேநீரில் சில நொடிகள் ஆட்டி, உடனே குளிர்நீருக்கு மாற்றுவது வழக்கம். பச்சையாக உண்ணும் இந்த முறை, தூய நீரில் வளர்ந்து அன்றே கொண்டுவந்த ஜபோனிகஸுக்கு மட்டும் பொருந்தும். வெப்பக்கடல் வகைகளில் சப்போனினும் சுண்ணாம்பும் அதிகம். அவற்றை வேகவைக்காமல் உண்ணக் கூடாது.

உடலுக்கு

உலர்ந்ததில் பாதி அளவு புரதம், கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் அந்தப் புரதம் பெரும்பாலும் கொலாஜன். டிரிப்டோஃபேன் என்ற தேவையான அமினோ அமிலம் அதில் இல்லை. முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றுக்கு இது மாற்றாகாது. புற்று, மூட்டுவலி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று புட்டியில் விற்பவர்களின் வாக்குறுதிகளுக்கு மனிதர்களிடம் நிறுவப்பட்ட ஆதாரம் இல்லை.

உடற்சுவரில் ஃபுக்கோஸ் ஏறிய காண்ட்ராய்டின் சல்பேட் என்ற பொருள் இருக்கிறது. ஆய்வகச் சோதனைகளில் அது ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டபிறகே சாப்பிட வேண்டும். செறிவூட்டிய மாத்திரை, சாறு வகைகளைத் தவிர்ப்பது நல்லது. கடலுணவு ஒவ்வாமை உள்ளவர்கள் முதன்முறை சிறு துண்டோடு நிறுத்தி, ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடரலாம். மணலை உண்ணும் உயிர் என்பதால், சாக்கடையும் ஆலைக்கழிவும் சேரும் கழிமுகத்தில் பிடித்த அட்டையை எவ்வளவு கழுவினாலும் வாங்கக் கூடாது. சுவரில் ஏறிய கன உலோகம் கழுவிப் போவதில்லை.